பேணுதல் யார் கடன்?

பெற்றாரையும் நோயுற்ற உறவினரையும் பேணுதல் அறம் என்பதில் எம்மிடையே கருத்து வேறுபாடில்லை. ஆயின், அவ்வறம் குடும்பத்தில் யார்மீது சுமத்தப்படுகின்றது, எக்காரணத்தாற் சுமத்தப்படுகின்றது என்னும் வினாக்களை நாம் எழுப்புவதில்லை. பேணுதல் பெண்ணின் இயல்பு என்ற விடையை முன்னரே கைக்கொண்டிருப்பதால் வினாவுக்கே இடமில்லாது போயிற்று.

இலங்கையின் 2000ஆம் ஆண்டு 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றாரைப் பராமரிக்கும் பொறுப்பைப் பிள்ளைகளுக்கு விதிக்கின்றது. மகன், மகள் என்ற பேதம் அங்கில்லை. வீட்டிலோ நிலைமை வேறு. மகன் பணம் அனுப்பினாற் கடமை தீர்ந்தது என்பர். மணமாகாத மகள், ‘அவளுக்கென்ன, பிள்ளையா குட்டியா?’ என்ற ஒரு சொல்லால் நோயாளியின் கட்டிலருகே நிறுத்தப்படுகின்றாள். ஊதியமின்றிச் செய்யப்படும் பராமரிப்பு வேலை நேரத்தில் 76.2 சதவீதம் பெண்களுடையது என 2018இல் சர்வதேசத் தொழில் தாபனம் உலகளாவிய ரீதியிற் கணித்தமை இதனுடன் ஒப்புநோக்கத்தக்கது.

மணமாகாதோர் யாவரும் தனித்தவரல்லர். தன்பாலினரையே வாழ்க்கைத் துணையாகக் கொண்டு, அதனை வீட்டில் வெளியிட இயலாதிருப்போரும் அவர்களுள் உளர். அவர்தம் துணையைக் குடும்பம் அறியாது. ஆதலின் அவர்களை ஓய்வுடையோராகவே கணிக்கும். எவரிடம் ஓய்வுண்டு என்பது கடிகாரம் காட்டும் உண்மையன்று. எவருடைய வாழ்வை வாழ்வென மதிக்கின்றோம் என்பதே அதனைத் தீர்மானிக்கின்றது.

இதன் மறுபக்கத்தை ஐக்கிய அமெரிக்காவிற் காணலாம். 1981இல் எயிட்ஸ் நோய் முதன்முதலாக அறியப்பட்டபின், அந்நோயுற்ற தன்பாலீர்ப்புடைய ஆடவர் பலரைப் பிறந்த குடும்பங்கள் கைவிட்டன. அவர்களுக்கு உணவூட்டியும் உடல் துடைத்தும் இரவு விழித்தும் பேணியோருள் அவர்தம் துணைவரும் நண்பருமாகிய ஆண்கள் பலர். பேணுதல் பெண்ணியல்பு என்ற கூற்றை இவ்வொரு செய்தியே பொய்ப்பிக்கப் போதும். எனினும், நோயாளி இறந்ததும் துணைவர் சட்டத்தின்முன் அந்நியராயினர். நியூயோர்க் நகரிற் பத்தாண்டுக்கு மேலாக இருவர் சேர்ந்து வாழ்ந்த வாடகை வீட்டிலிருந்து, ஒருவர் 1986இல் எயிட்ஸினால் இறந்தபின் மற்றவரை வெளியேற்ற உரிமையாளர் முற்பட்டார். அம்மாநில உயர் நீதிமன்றம் 1989இல், வாடகைச் சட்டம் கூறும் ‘குடும்பம்’ குருதியாலும் மணத்தாலும் மட்டும் அமைவதன்று என்றும், கூடி வாழ்ந்த வாழ்வின் மெய்ந்நிலையே நோக்கத்தக்கது என்றும் தீர்த்தது.

ஒருத்தி கேளாமலே கடமையைப் பெறுகின்றாள். ஒருவன் கடமையைச் செய்தும் உறவெனும் பெயரைப் பெறான். இரண்டு அநீதிக்கும் வேர் ஒன்றே: செயலை நோக்காது, பாலையும் மணத்தையும் நோக்கிக் கடனையும் உரிமையையும் வகுத்தல்.

இவ்வாறு கணக்குப் பார்ப்பது அன்பைக் கெடுக்கும் என்பார் உளர். பெற்றாருக்குச் செய்யுங் கடன் நன்றியிற் பிறப்பதாயின், அவர் வளர்த்த பிள்ளைகள் யாவரும் அந்நன்றிக்கு உரியவரே. பால் அதனைப் பங்கிடாது. மறுக்கும் உரிமை உடையவர் மறுக்காது செய்யும் பணியே அன்பெனப்படும். கட்டிலருகே நிற்கும் அம்மகளின் அன்பைப் புகழுமுன், அவளுடைய விருப்பத்தை நாம் என்றேனும் கேட்டதுண்டா எனச் சிந்திப்போமாக.