கருவில் உயிர்: முதல் 14 நாளும் மூன்று சமயங்களும்

சினைப்பையிலிருந்து முட்டை வெளிவந்த ஒரு நாளுக்குள், கருக்குழாயின் அகன்ற பகுதியில், விந்தணு ஒன்று அதனுள் நுழைகிறது. கோடிக்கணக்கில் புறப்பட்டவற்றில் முட்டையருகே வந்து சேர்பவை சில நூறுதான். ஒன்று நுழைந்ததும் முட்டையின் உறை இறுகி மற்றவற்றைத் தடுத்துவிடும். தாயின் 23 குரோமோசோம்களும் தந்தையின் 23 குரோமோசோம்களும் உடனே கலந்துவிடுவதில்லை. ஏறத்தாழ ஒரு நாள் கழித்து, முதல் பிரிவின்போதுதான் ஒன்றுசேர்கின்றன. அதன் பிறகும் இரண்டு நாள்வரை செல்களை நடத்துவது பெரும்பாலும் தாயின் முட்டையில் இருந்த சேமிப்பே. கருவின் சொந்த மரபணுக்கள் முழுமையாக இயங்கத் தொடங்குவது சுமார் 3ஆம் நாளில். ஆகவே கருவுற்ற கணம் என்று வாதங்களில் சொல்லப்படுவது உடலியலில் கணமே அல்ல. மணிக்கணக்கில், ஒருவகையில் நாட்கணக்கில், நீளும் நிகழ்வு.

3, 4ஆம் நாளில் செல்திரள் கருப்பைக்குள் இறங்குகிறது. 5ஆம் நாளில் அதனுள் நீர் கோத்துக்கொள்ள, வெளிச்செல்கள் நஞ்சுக்கொடிக்கென்றும் உள்ளே ஒதுங்கிய சிறு திரள் குழந்தைக்கென்றும் பிரிகின்றன. பிறகு கரு உறையிலிருந்து வெளிவந்து கருப்பைச் சுவரைப் பற்றி, 12ஆம் நாளுக்குள் அதில் முழுவதும் புதைகிறது. 14, 15ஆம் நாளில் உட்திரளில் ஒரு கோடு தோன்றும். உடலின் தலைப்பக்கமும் கால்பக்கமும் தெளிவாவது அப்போதுதான். அதற்கு முன்புவரை ஒரு கரு இரண்டாகப் பிரிந்து இரட்டையர் ஆக முடியும். நாள் தள்ளிப்போகுமுன்பே, தாய் அறியாமலே அழிந்துவிடும் கருக்களும் ஏராளம். கருவுற்றவற்றில் பிறப்பை எட்டாதவை 40 முதல் 60 விழுக்காடு என்பது ஒரு மதிப்பீடு.

உயிர் எப்போது வருகிறது என்ற கேள்வியை இந்த இரண்டு உண்மைகளும் கடினமாக்குகின்றன. முதல் கணத்திலேயே ஓர் உயிர் வந்துவிட்டதென்றால், கரு இரண்டாகும்போது இரண்டாவது உயிர் எங்கிருந்து வந்தது? பிறவாமல் போன பாதிக் கருக்களின் கதி என்ன?

காரைக்கால் வட்டாரத்தில் நெடுங்காலமாக அருகருகே வாழும் மூன்று சமயங்களும் இதற்கு வெவ்வேறு விடை வைத்திருக்கின்றன. கத்தோலிக்கத் திருச்சபை 1987இல் வெளியிட்ட ‘டோனும் விட்டே’ என்னும் அறிவுரை, கருவுற்றது முதலே கருவை மனித ஆளாக மதிக்க வேண்டும் என்கிறது. ஆன்மா புகும் வேளையைப் பற்றித் தத்துவத் தீர்ப்பு எதையும் அது வழங்கவில்லை. 13ஆம் நூற்றாண்டின் தாமஸ் அக்குவினாஸ், அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி, பகுத்தறியும் ஆன்மா பிறகே வருகிறது என்று கொண்டவர். இஸ்லாமிய அறிஞர் பலர் நபிமொழி ஒன்றின் அடிப்படையில், 120 நாள் நிறைந்தபின் ரூஹு (ஆன்மா) ஊதப்படுவதாகக் கொள்கின்றனர். ஆனால், சோழமண்டலக் கரை முஸ்லிம்களிடையே வழங்கும் ஷாஃபி மரபைச் சேர்ந்த இமாம் கஸ்ஸாலி, அதற்கு முந்தைய நிலையிலும் கருவை அழிப்பது குற்றமே என்றும், கரு வளர வளரக் குற்றமும் கூடுகிறது என்றும் எழுதினார்.

சைவ சித்தாந்தம் கேள்வியையே வேறிடத்தில் வைக்கிறது. அங்கே உயிர் அநாதி. அதற்குத் தொடக்கம் கிடையாது. வினைக்கேற்ப உடல் வாய்க்கிறது, அவ்வளவே. இரட்டையர் என்றால் இரண்டு உயிர்களுக்கு இரண்டு உடல்கள். அழிந்த கரு என்றால் உயிர் அழியவில்லை. மேற்கண்ட இரண்டு சிக்கல்களும் இந்த நெறியைப் பெரிதாகத் தாக்குவதில்லை.

உயிர் அழியாது என்பதால் கருவின் இழப்பைச் சைவம் எளிதாக எடுத்துக்கொண்டதா என்றால், இல்லை. மாணிக்கவாசகரின் போற்றித் திருவகவல் கருப்பை வாழ்வை மாதவாரியாக, தப்பிப் பிழைத்த ஆபத்துகளின் வரிசையாகவே சொல்கிறது. முதல் மாத ஆபத்தாக உரைகாரர்கள் காட்டுவது, கரு இரண்டாகப் பிளவுபடுவதை. இதை நவீன அறிவியலின் முன்னறிவிப்பாகக் கொண்டாடுவது பிழை. அன்றைய மருத்துவ அறிவு கண்ட அச்சத்தை, பிறந்துவிட்டவரின் நன்றியாக மாற்றியதே அந்தப் பாடலின் பெருமை. தஞ்சை மாவட்டத் திருக்கருகாவூரில் கர்ப்பரட்சாம்பிகையை வேண்டிப் பெண்கள் இன்றும் நெய் மந்திரித்து வாங்கிச் செல்கின்றனர். முனிவர் ஒருவரின் சாபத்தால் வேதிகை என்னும் பெண்ணின் கரு கலைய, அம்பிகை அதைக் குடத்தில் வைத்துக் காத்து நைதுருவன் என்னும் மகனாகத் தந்தாள் என்பது தலபுராணம்.

இன்று உடலுக்கு வெளியே கருவைக் காப்பது ஆய்வகத்தின் வேலை. இந்தியாவின் ஸ்டெம் செல் ஆய்வு வழிகாட்டுதல்கள் 14 நாளுக்கு மேல், அல்லது அந்த முதல் கோடு தோன்றிய பின், கருவை வளர்க்கத் தடை விதிக்கின்றன. பிரிட்டனில் 1984இல் வார்னாக் குழு பரிந்துரைத்த எல்லை இது. சைவ நோக்கில் 14ஆம் நாளில் புதிதாக எந்த உயிரும் தோன்றுவதில்லை. எனவே அந்த எல்லைக்கு முன்னால் எதையும் செய்யலாம் என்ற அனுமதியும் அதிலிருந்து பிறக்காது. இந்தியாவின் 2021ஆம் ஆண்டுச் செயற்கை முறைக் கருத்தரிப்புச் சட்டப்படி, பயன்படுத்தாத கருக்களை 10 ஆண்டுவரை உறைநிலையில் வைக்கலாம். அதன்பின் அவற்றை அழியவிடலாம், அல்லது தம்பதியின் ஒப்புதலோடு ஆய்வுக்குத் தரலாம். அந்த முடிவை எடுக்கும் தம்பதிக்கு, உயிர் எப்போது வந்தது என்ற கணக்கைச் சைவம் தராது. ஓர் உயிர் காத்திருக்கும் உடலுக்குத் தாங்கள் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்பதையே கேட்கச் சொல்லும்.