வண்டியை நிறுத்துகிறவர்கள்

குருபரப்பள்ளி வழியாகப் போகும் நெடுஞ்சாலைக்கு இப்போது 44 என்று எண். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிவரை நீளும் சாலை, இங்கே ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் மாந்தோப்புகளையும் சிப்காட் சுவர்களையும் உரசிக்கொண்டு போகிறது. விடியுமுன் கம்பெனி பஸ்கள், பிறகு பெங்களூர் கார்கள், ராத்திரி முழுக்க லாரிகள். இத்தனை வண்டிகள் ஓடும் இடத்தில் ஒருவர் அடிபட்டுக் கிடந்தால் எது நிற்கும்? சில நாட்களாக மனசு இதையே சுற்றுகிறது. அறம் என்று பேசத் தொடங்கினால் எங்கெங்கோ போய்விடலாம். இந்தக் கேள்வி போகவிடாது.

*

மனசில் அறம் எப்படி வளர்கிறது என்று ஆராய்ந்த உளவியலாளர் லாரன்ஸ் கோல்பர்க் 1958-இல் சிகாகோவில் சமர்ப்பித்த ஆய்வுக்காகச் சிறுவர்களிடம் சிக்கலான கதைகளைச் சொல்லிக் கருத்துக் கேட்டார். அவர் பெயரோடு நிலைத்துவிட்ட கதை ஒன்று உண்டு. மனைவி சாகக் கிடக்கிறாள், மருந்துக்காரர் கட்டுப்படியாகாத விலை சொல்கிறார், கணவன் திருடலாமா? திருடலாம், கூடாது என்ற பதிலைவிட அதற்குச் சொல்லும் காரணத்தைத்தான் கோல்பர்க் கவனித்தார். தண்டனைக்குப் பயப்படுவதில் தொடங்கி, நாலு பேர் மெச்சவேண்டும் என்பதையும் சட்டத்தையும் தாண்டி, உயிரின் மதிப்புவரை மனம் படிப்படியாக ஏறும் என்றார். இது ஆண்பிள்ளைகளை மட்டும் வைத்துப் போட்ட ஏணி என்று 1982-இல் கரோல் கில்லிகன் எதிர்த்தார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும் அக்கறைக்கு அதில் உரிய இடம் இல்லை என்பது அவர் வாதம். அது நியாயம்தான். எனக்கு உறுத்துவது வேறு. பதில் சொன்ன பையன்கள் உட்கார்ந்து யோசித்தார்கள், அவர்களுக்கு நேரம் இருந்தது. ரோட்டில் யோசித்து முடிப்பதற்குள் வண்டி அந்த இடத்தைத் தாண்டியிருக்கும்.

*

நேரத்தையே சோதித்த ஆய்வு ஒன்று உண்டு. ஜான் டார்லியும் டேனியல் பாட்சனும் செய்தது, 1973-இல் வெளிவந்தது. பிரின்ஸ்டனில் பாதிரியார் படிப்புப் படித்த 40 மாணவர்களை ஒவ்வொருவராகப் பக்கத்துக் கட்டடத்துக்குப் பேச அனுப்பினார்கள். வழியில் ஒருவர் தலை கவிழ்ந்து, இருமி முனகியபடி கிடப்பார். அவசரம் இல்லாமல் போனவர்களில் 63 சதவீதம் பேர் ஏதோ ஒரு விதத்தில் உதவினார்கள். ‘நேரமாகிவிட்டது, ஓடு’ என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். மாணவர்களில் பாதிப் பேர் பேசப் போனது எதைப் பற்றி? வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் காப்பாற்றிய நல்ல சமாரியன் கதையைப் பற்றி. அந்தக் கதை மனசில் இருந்தும் பெரிய வித்தியாசம் ஏற்படவில்லை.

இதைச் சொல்லிப் படித்தவர்களைப் பழிப்பது சுலபம். எனக்கு முக்கியமாகப் படுவது ஆய்வாளர்கள் எழுதிய இன்னொரு குறிப்பு. நிற்காமல் போனவர்கள் போய்ச் சேர்ந்தபோது கலங்கிப்போயிருந்தார்கள். ஆக, மனசு செத்திருக்கவில்லை. ஒருவரைக் காக்க வைக்கக் கூடாது என்ற இன்னொரு கடமை அவர்களைப் பின்னாலிருந்து தள்ளியது.

*

காலை ஷிப்டுக்குப் போகிற ஒப்பந்தத் தொழிலாளியை நினைக்கிறேன். கேட்டில் விரல் வைக்கிற நேரம் தவறினால் அரைநாள் சம்பளம் போகலாம், மாதம் முழுக்க லீவு எடுக்காமல் காத்த அட்டெண்டன்ஸ் போனசும் போகலாம். அவன் கண் முன்னால் ஒரு பைக் சறுக்கி விழுகிறது. அவன் ஆக்சிலேட்டரை விடுவதும் விடாததும் அவன் நெஞ்சின் அளவு மட்டும்தானா? அவசரம் ஒருவருடைய குணம் இல்லை, யாரோ அவருக்குக் கொடுத்தது. இங்கே டீக்கடைக்காரரும் பஞ்சர் கடைப் பையனும் ஓடிவருவார்கள். அவர்கள் வேலை ரோட்டோரத்திலேயே இருக்கிறது. காரில் போகிறவருக்கு இல்லாத அவகாசம் அவர்களுக்கு இருக்கிறது. இதைச் சொல்வதால் அவர்கள் செய்வது சிறிதும் குறையாது.

*

ரொம்ப காலம் இன்னொரு தடை இருந்தது: போலீஸ், கோர்ட், சாட்சி. ‘நமக்கெதுக்கு வம்பு’ என்று பெரியவர்கள் சொன்னது கல்நெஞ்சால் அல்ல, அந்தப் பயத்தால். உதவுகிறவர்களைப் பாதுகாக்கும் நெறிமுறைகளுக்கு 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சட்ட பலம் கொடுத்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்ந்தது. பெயர் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. நல்லெண்ணத்தோடு உதவினால் வழக்கும் வராது. தமிழ்நாட்டில் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் வந்தது: விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமில்லாச் சிகிச்சை, எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும். எல்லையில் இருக்கிற எங்களுக்கு அந்தக் கடைசிப் பகுதி பெரிய விஷயம். கர்நாடக நம்பர் பிளேட்டைப் பார்த்து யாரும் தயங்கவேண்டாம்.

*

சட்டம் பயத்தை எடுக்கலாம், நிற்கக் கற்றுத்தருவது வேறு. கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. இந்தச் சீமையெங்கும் இருக்கின்றன. ஓட்டிச் செல்லப்பட்ட மாட்டை மீட்கப் போய்ச் செத்தவனுக்குக் கல். திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்றில், வீரனோடு கோவிவன் என்ற நாயும் இருக்கிறது. திருடர்களைக் கடித்துக் காவல் நின்றதற்காக அதன் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். மாடு மேய்க்கப் போகும் பிள்ளை தினமும் கடந்துபோன பாடம் அது. இன்றைய பிள்ளைக்குப் பாடம் அப்பாவின் பைக்கில், முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே நடக்கிறது. கூட்டம் கூடிய இடத்தில் வேகம் குறைகிறதா, கூடுகிறதா என்று அதன் உடம்புக்கே தெரியும்.

*

பள்ளியிலும் கம்பெனியிலும் கற்றுத்தரக் கூடியது நிறைய இருக்கிறது. 108-க்குப் பேசும்போது இடத்தைத் தெளிவாகச் சொல்வது, ரத்தம் வழியும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடிப்பது, தண்ணீர் கொடுக்காமல் இருப்பது, கழுத்தை அசைக்காமல் காப்பது. கை பழகியிருந்தால் கால் தயங்காது.

இதோடு ஷிப்ட் விதிகளில் ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்கிறேன்: விபத்தில் உதவியதால் தாமதமாக வந்தவருக்குச் சம்பளமும் போனசும் பிடிக்கக் கூடாது, அவர் போனில் 108-ஐ அழைத்த நேரமே சாட்சி. தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி நான்கிலும் எழுதி, விரல் வைக்கும் மெஷினுக்கு மேலேயே ஒட்டவேண்டும்.