முந்நூறு தெனாரியமும் ஒரு பயணச்சீட்டும்

"சாமி, நாங்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்தது பாவமா?"

மாலைத் திருப்பலி முடிந்து ஆலயத்தை விட்டு வெளியே வந்த என்னிடம், என் பங்கைச் சேர்ந்த ஓர் அம்மையார் இவ்வாறு கேட்டார். அவர் ஓய்வு பெற்ற செவிலியர். கணவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். திருமணத்தின் நாற்பதாம் ஆண்டு நிறைவையொட்டி, தங்கள் சேமிப்போடு பிள்ளைகள் தந்த பணத்தையும் சேர்த்து, 2024 ஜூன் மாதத்தில் இருவரும் இத்தாலியின் பழம்பெரும் நகரங்களைத் தொடர்வண்டியிலேயே சுற்றிப் பார்த்து வந்திருந்தனர். வெனிசு, பொலோஞ்ஞா, புளோரன்சு, இறுதியாக உரோமை.

கேள்விக்குக் காரணம் வெனிசிலோ உரோமையிலோ இல்லை. அவர்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தது. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, அங்குள்ள கொத்தனார் தம் மகளுக்குச் செவிலியர் கல்லூரியில் இடம் கிடைத்திருப்பதாகவும், முதல் தவணைக் கட்டணத்திற்கு உதவ முடியுமா என்றும் கேட்டிருக்கிறார். "ஊருக்குப் போய் வந்து பார்க்கலாம்" என்றார் ஆசிரியர். அவர்கள் திரும்பி வந்தபோது கட்டணம் செலுத்தும் நாள் கடந்துவிட்டது. அந்தப் பெண் ஒரு ஜவுளிக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். "அவர்கள் கேட்டது எங்கள் பயணச் செலவில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை, சாமி" என்றார் அம்மையார்.

இக்கேள்வியை அவர் முதலில் கேட்கவில்லை. பெத்தானியாவில் ஒரு விருந்தில் அது ஏற்கெனவே கேட்கப்பட்டுவிட்டது. மரியா விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை இயேசுவின் காலடிகளில் பூசியபோது, இதை முந்நூறு தெனாரியத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று குரல் எழுந்தது. ஒரு தெனாரியம் ஒரு தொழிலாளியின் நாட்கூலி. எனவே, ஓராண்டு உழைப்பின் விலை அங்கே ஒரு மணி நேரத்தில் மணமாகக் கரைந்துபோயிற்று. யோவான் நற்செய்தியில் இதைக் கேட்டவன் யூதாசு. அவனுக்கு ஏழைகள்மீது அக்கறை இல்லை என்பதையும் நற்செய்தியாளர் சொல்லிவிடுகிறார். ஆனால், மத்தேயுவில் இதே கேள்வியைக் கேட்பவர்கள் சீடர்கள். கேட்டவனின் உள்ளம் கெட்டது என்பதால் கேள்வி பொய்யாகிவிடாது. நல்லவர்களும் கேட்க வேண்டிய கேள்விதான் அது.

இதற்கு எளிதான விடைகள் இரண்டு உண்டு. இரண்டையும் அவ்விருவரின் பயண வழியிலேயே வைத்து உரசிப் பார்ப்போம்.

முதல் விடை: "சுற்றுலாப் பயணி செலவழிக்கும் பணமும் ஏழைக்குத்தானே போகிறது? விடுதிப் பணியாளரும் படகோட்டியும் அதனால்தானே பிழைக்கின்றனர்?" இதில் உண்மை உண்டு, ஆனால், முழு உண்மை இல்லை. வெனிசில் தொடர்வண்டி சென்று நிற்கும் நிலையத்தின் பெயர் சாந்தா லூச்சியா. கண்களின் பாதுகாவலியாக நாம் வணங்கும் புனித லூசியாவின் பெயர் அது. அவர் பெயரால் அங்கே ஓர் ஆலயம் இருந்தது. இருப்புப்பாதை நிலையத்துக்காக 1861-இல் அது இடிக்கப்பட்டது. புனிதையின் திருவுடல் அருகிலுள்ள மற்றோர் ஆலயத்தில் வைக்கப்பட்டுள்ளது. பார்க்க வருவோருக்கு இடம் விடுவதற்காகக் கண்களின் புனிதையே விலகிப் போனார்! அவருக்குப் பின் நகர மக்களும் விலகினர். வெனிசின் பழைய தீவு நகரில் 1951-இல் ஏறக்குறைய 1,75,000 பேர் வாழ்ந்தனர். 2022-இல் அத்தொகை 50,000-க்கும் கீழே இறங்கிவிட்டது. வேலை, வசதி எனக் காரணங்கள் பல. எனினும், குடும்பங்கள் வாழ்ந்த வீடுகள் பயணிகளின் தங்குமிடங்களாக மாறியதும் அவற்றுள் முக்கியமானது. 2024-இல் குறிப்பிட்ட சில நாள்களில், ஒரு பகல் மட்டும் வந்து போவோரிடம் ஐந்து யூரோ நுழைவுக் கட்டணம் பெறும் நிலைக்கு அந்நகரம் வந்துசேர்ந்தது. ஆகவே, நம் பார்வை எதையும் தொடுவதில்லை, எதையும் தேய்ப்பதில்லை என்று சொல்லி நாம் கைகழுவிவிட இயலாது. பார்ப்பதும் ஒரு செயல். அதற்கும் கணக்குக் கொடுக்க வேண்டும்.

இரண்டாம் விடை இதற்கு நேர் எதிரானது: "பசித்தவன் ஒருவன் இருக்கும்வரை அழகுக்காகச் செலவிடும் ஒவ்வொரு காசும் திருட்டு." கேட்பதற்கு இது வீரமாக ஒலிக்கிறது. இதையும் உரசிப் பார்க்கும் கல் ஒன்று புளோரன்சில் இருக்கிறது.

அங்கே பட்டுத் தொழிலோர் சங்கத்தினர், கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக ஓர் இல்லம் கட்ட முடிவு செய்தனர். பிராத்தோ நகரத்து வணிகரான பிரான்செஸ்கோ தத்தீனி தம் இறுதி விருப்ப ஆவணத்தில் அதற்கென 1,000 பொற்காசுகள் எழுதி வைத்திருந்தார். 1419-இல் பணி தொடங்கியது. அப்பணியை அவர்கள் ஒப்படைத்தது, பேராலயத்தின் மாபெரும் குவிமாடத்தைக் கட்டிய புருனெல்லஸ்கியிடம். மாசில்லாக் குழந்தைகளின் பெயரால் எழுந்த அவ்வில்லம் 1445 பிப்ரவரி 5 அன்று தன் முதல் குழந்தையை ஏற்றுக்கொண்டது. பெற்றவர்களே வேண்டாமென்று விட்ட பிள்ளைகளுக்கு நான்கு சுவரும் ஒரு கூரையும் போதாதா? அவ்வளவு நேர்த்தியான தூண்வரிசை எதற்கு? மிச்சப்பட்ட பணத்தில் இன்னும் சில பிள்ளைகளுக்குப் பால் வாங்கியிருக்கலாமே? அச்சங்கத்தார் அப்படி எண்ணவில்லை. மன்னர் மாளிகைக்கு உரிய அழகை அநாதைப் பிள்ளைக்கு உரியதாக்கினர். அழகு ஏழையிடமிருந்து பறிக்கப்படுவது மட்டுமன்று, ஏழைக்குக் கொடுக்கப்படவும் கூடியது என்பதற்கு அத்தூண்கள் இன்றும் சாட்சி.

அவ்வில்லத்தில்தான் நம் தம்பதியருக்குள் பிணக்கு ஏற்பட்டது. இப்போது அதன் ஒரு பகுதி அருங்காட்சியகம். குழந்தையை விட்டுச் சென்ற தாய்மார் அதனோடு வைத்த அடையாளப் பொருள்கள் சிறிய இழுப்பறைகளில் காக்கப்படுகின்றன. பல, இரண்டாக வெட்டப்பட்ட பதக்கங்கள். ஒரு பாதி குழந்தையிடம். மறு பாதி தாயிடம். என்றாவது திரும்பி வந்தால், இரு பாதிகளும் பொருந்துவதைக் கொண்டு பிள்ளையை அறிந்துகொள்ளலாம். அம்மையார் ஒவ்வோர் இழுப்பறையாகத் திறந்து பார்த்து நின்றார். ஆசிரியரோ உஃபிஸி ஓவியக் கூடத்துக்கு நேரம் குறித்த சீட்டு வாங்கி வைத்திருந்தார். "இந்தத் தகரத் துண்டுகளைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று கேட்டுவிட்டார். "எத்தனை அம்மாக்கள் திரும்பி வந்தார்களோ!" என்றாராம் மனைவி. பிறகு உரோமை வரைக்கும் வண்டியில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

வெட்டிய பதக்கம் என்பது ஒரு வாக்குறுதி. "வந்து பார்க்கிறேன்" என்பதே அதன் பொருள். அத்தாய்மாரில் பெரும்பாலோர் வறுமையின் நெருக்கடியில் அவ்வாறு சொன்னவர்கள். அதே சொல்லைத்தான் நம் ஆசிரியர் நெருக்கடி ஏதுமின்றிக் கொத்தனாரிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். ஒரு பாதியை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தார். மறு பாதி தம்மிடம் இருப்பதை மறந்துபோனார்.

ஆசிரியர் என்னிடம் வேறொன்று சொன்னார். பொலோஞ்ஞாவில் வண்டி மாற இறங்கி நிலையத்துக்கு வெளியே வந்தபோது, சுவர்க் கடிகாரம் 10.25 காட்டியது. தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பொருந்தவில்லை. பழுது என்று எண்ணினார். உடனிருந்த ஒருவர் விளக்கினார்: 1980 ஆகஸ்டு 2 அன்று அந்நேரத்தில் காத்திருப்போர் அறையில் வெடித்த குண்டு 85 பேரைக் கொன்றது. விடுமுறைக் காலம் என்பதால் நிலையம் பயணிகளால் நிரம்பி வழிந்தது. அந்நினைவுக்காகவே முள்கள் நிறுத்தப்பட்டுள்ளன. "நானும் அவர்களைப் போலச் சீட்டோடு நின்றவன்தானே, சாமி? 'போய் வந்து' என்று எந்தத் துணிவில் சொன்னேன்?" என்றார் ஆசிரியர்.

இனி, கேள்விக்கு வருவோம். பார்த்தது பாவமா? இல்லை என்றே நான் சொன்னேன். படைப்பின் அழகையும் மனிதக் கைகளின் அழகையும் கண்டு மகிழ்வது இறைவன் தந்த கொடை. நாற்பது ஆண்டுகள் ஒருவரையொருவர் தாங்கி வந்த இருவர் ஒன்றாக அமர்ந்து சன்னல் வழியே உலகைப் பார்ப்பதை எந்த அறநெறி தடுக்கும்? ஆனால், அதோடு நிறுத்திக்கொள்ள என் மனச்சான்று இடம் தரவில்லை. எல்லாருக்கும் உதவ எவராலும் இயலாது. ஆகவே, இடத்தாலும் காலத்தாலும் சூழ்நிலையாலும் நம் அருகே வந்து சேர்பவரைச் சீட்டு விழுந்ததுபோல் நமக்கென்று விழுந்தவராகக் கருத வேண்டும் என்பது புனித அகுஸ்தினாரின் போதனை. அந்தப் பெண் அவ்வாறு அவர்கள் வாசலில் விழுந்த சீட்டு. பயணமா, கட்டணமா என்ற தேர்வே அவர்களுக்கு எழவில்லை. இரண்டுக்கும் பணம் இருந்தது. குறுக்கே நின்றது செலவு அன்று, தள்ளிப்போடுதல். ஏழைகள் எப்போதும் உங்களோடு இருப்பார்கள் என்னும் பொருள்பட ஆண்டவர் சொன்னது தள்ளிப்போட நமக்குத் தந்த அனுமதியன்று. அச்சொல்லின் வேர் இணைச்சட்ட நூலில் இருக்கிறது. அங்கே, ஆகவே கையைத் திற என்ற கட்டளையோடுதான் அது முடிகிறது. 'எப்போதும்' என்பதில் 'இப்போது' அடங்கியிருக்கிறது.

1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு பெருகிப் புளோரன்சை மூழ்கடித்தது. செய்தி கேட்டு இத்தாலியின் பிற நகர்களிலிருந்தும் அயல்நாடுகளிலிருந்தும் இளைஞர்கள் அங்கே திரண்டனர். தேசிய நூலகத்தின் நிலவறைகளில் சங்கிலியாக நின்று, சேறு படிந்த நூல்களைக் கைமாற்றி மேலேற்றினர். 'சேற்று வானதூதர்கள்' என்று அவர்களுக்குப் பெயர் வந்தது. அவர்களுள் பலர் அந்நகரின் அழகைக் காதலித்தவர்களே. ஆனால், அவர்களின் கண் கண்டதைக் கை உடனே பின்தொடர்ந்தது.

அவ்வெள்ளத்தில் சாந்தா குரோச்சே ஆலயத்துக்குரிய, சிமபுயே தீட்டிய திருச்சிலுவை தன் வண்ணத்தில் பாதிக்கும் மேல் இழந்தது. பத்து ஆண்டுகள் பாடுபட்டு அதைச் சீர்செய்தவர்கள், அழிந்த இடங்களில் புதிய முகத்தையோ உடலையோ தீட்டவில்லை. இழப்பு இழப்பாகவே தெரியுமாறு விட்டனர். ஆயினும் அது திருச்சிலுவைதான். இன்றும் அதன்முன் மக்கள் நிற்கின்றனர்.

மறுநாள் தம்பதியர் இருவரும் கொத்தனார் வீட்டுக்குச் சென்றனர். அடுத்த ஆண்டுக் கட்டணத்தைத் தாங்களே செலுத்துவதாகக் கூறினர். அந்தப் பெண் உடனே சரி என்று சொல்லவில்லை. அவளுடைய சம்பளத்தில்தான் தம்பியின் பள்ளிச் செலவு அப்போது நடந்துகொண்டிருந்தது. "யோசித்துச் சொல்கிறேன், அம்மா" என்றாள். அந்த ஓராண்டை எவராலும் அவளுக்குத் திருப்பித் தர முடியாது. தம்பியின் செலவையும் ஏற்பதாகச் சொல்ல, ஆசிரியர் மறுபடியும் அவ்வீட்டுக்குப் போனார். இம்முறை நாளைக்கென்று வைக்காமல் அன்று மாலையே போனார்.

அன்பு வாசகரே, உங்கள் கையிலும் ஏதேனும் ஒரு பாதிப் பதக்கம் இருக்கக்கூடும். பயணப் பெட்டியை மூடுமுன் ஒருமுறை தேடிப் பாருங்கள்.