படைப்பில் இறைமாட்சியும் நெய்தலின் இரங்கலும்

முன்னுரை

இயற்கையைக் கண்டு இறைவனை உணர்தல் சமயங்கள் பலவற்றுக்கும் பொதுவானது. எனினும் கிறித்தவச் சிந்தனையில் அது தனித்ததொரு வடிவம் கொள்கிறது. தமிழ்த் திணைமரபில் தெய்வம் நிலத்தின் கருப்பொருள்களுள் ஒன்றாக வைத்து எண்ணப்படும். விவிலியத்திலோ இறைவன் நிலத்துக்குள் அடங்காதவர். நிலத்தையும் பொழுதையும் ஆக்கியவர். ஆதலின் கதிரவனும் கடலும் வணங்கத்தக்கன அல்ல. வணங்கத்தக்கவரைச் சுட்டும் சான்றுகள். கடல் உயிர்களைக் கொள்ளும்போதும் அது அவ்வாறே சான்றாக நிற்குமா என்னும் வினாவைத் திருவனந்தபுரக் கடற்கரையை முன்வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ்க் கிறித்தவக் காப்பியங்களின் நோக்கு

வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணி, சூதேய நாட்டைத் தமிழ்நிலம் போலவே புனைகின்றது. மழையும் ஆறும் வயலும் சோலையும் அங்கு வளம் சேர்க்கின்றன. இதனைக் காப்பிய மரபைப் பின்பற்றிய உத்தி என்று மட்டும் கொள்வது போதாது. படைத்தவரின் மாட்சி தொலைவிலுள்ள ஒரு புனித மண்ணுக்கே உரியது அன்று. அவரவர் வாழும் நிலத்திலேயே காணத்தக்கது என்னும் கருத்து அப்புனைவில் உட்கிடையாக உள்ளது.

திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியில் சில காலம் பணியாற்றிய எச்.ஏ. கிருட்டிண பிள்ளை 1894இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகம், உலகை வழியாகக் காண்கிறது. அதற்கு மூலமான, 1678இல் வெளிவந்த சான் பனியனின் நூலில், பயணி இனிய மலைகளை அடைகின்றான். ஆயர்கள் அங்கிருந்து அவனுக்கு விண்ணகரின் வாயிலைக் காட்டுகின்றனர். மலை தங்குமிடம் அன்று. அப்பால் உள்ளதைக் காண உதவும் உயரம். இவ்விரு நோக்குகளும் ஒன்றையொன்று நிறைவு செய்வன. முன்னது இயற்கையை இகழாமல் காக்கிறது. பின்னது அதனையே இறையெனக் கொள்ளாமல் காக்கிறது.

சான்றின் எல்லை

இயற்கையின் ஒழுங்கிலிருந்து இறையிருப்பை நிறுவ முயன்றோருள் வில்லியம் பேலி குறிப்பிடத்தக்கவர். கடிகாரம் கடிகாரம் செய்தவனைக் காட்டுவதுபோல் உலகம் படைத்தவரைக் காட்டும் என்று அவர் 1802இல் வாதிட்டார். ஆனால் அதற்கு முன்பே, 1755 நவம்பர் 1ஆம் நாள் லிசுபன் நிலநடுக்கம் இத்தகைய வாதங்களை அசைத்திருந்தது. அனைத்துப் புனிதர் திருநாளன்று ஆலயங்களில் கூடியிருந்தோர் அவ்வாலயங்கள் இடிந்து மாண்டனர். ஒழுங்கைச் சான்றாகக் காட்டுவோர் ஒழுங்கின்மைக்கும் விடை கூறக் கடமைப்பட்டவர் ஆயினர்.

இவ்வினா தமிழ்க் கடற்கரைக்கும் வந்தது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்த ஆழிப்பேரலை வேளாங்கண்ணிக்கு வந்த திருப்பயணிகளையும் விட்டுவைக்கவில்லை. 2017 நவம்பர் 30 அன்று வீசிய ஒக்கிப் புயலில் பூந்துறை, விழிஞம் முதலிய திருவனந்தபுரக் கரையூர்களிலும், குமரி மாவட்டத் தூத்தூர், சின்னத்துறை முதலிய ஊர்களிலும் இருந்து கடலுக்குச் சென்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. அவருள் மிகப் பலர் கிறித்தவர். நாள்தோறும் இறைவனைப் போற்றி வள்ளம் இறக்கியவர்களை அக்கடலே கொண்டது. அவர்தம் மனைவியரிடம் கடலின் மாட்சி குறித்து எம்முகத்தோடு பேசுவது?

யோபுவின் வழக்கு

விவிலியம் இவ்வினாவைத் தவிர்க்கவில்லை. மக்களையும் செல்வத்தையும் இழந்த யோபு இறைவனோடு வழக்காடுகின்றார். நண்பர்களோ துன்பத்துக்குக் காரணம் கற்பித்து இறைவனுக்காக வாதிடுகின்றனர். இறுதியில் இறைவன் சூறைக்காற்றினூடே மறுமொழி தருகின்றார். அம்மறுமொழியில் துன்பத்தின் காரணம் கூறப்படவில்லை. கடலின் எல்லையும் விண்மீன்களின் ஒழுங்கும் விலங்குகளின் வாழ்வுமே காட்டப்படுகின்றன. எனினும் நூலின் முடிவில் கண்டிக்கப்படுவோர் நண்பர்களே. முறையிட்ட யோபு சரியாகப் பேசியவராக ஏற்கப்படுகின்றார். அழுகையை அடக்கிவிட்டுப் பாடும் புகழ்ச்சி இறைவனுக்கு உவப்பன்று என்பதே இதன் பொருளாகும்.

பவுலின் உரோமையர் திருமுகமும் இங்கு நோக்கத்தக்கது. இறைவனின் காணவியலாப் பண்புகள் படைப்பின் வழியே புலப்படுகின்றன என அதன் முதல் அதிகாரம் கூறும். படைப்பு முழுவதும் பேறுகால வேதனையில் தவிக்கிறது என எட்டாம் அதிகாரம் கூறும். முன்னதை மட்டும் எடுத்தோதுவோர் திருமுகத்தின் பாதியையே படித்தவராவர்.

திணைக் கோட்பாடு தரும் விளக்கம்

இவ்விடத்துத் தமிழ் இலக்கணம் ஒரு வழி காட்டுகிறது. முதல், கரு, உரி என்னும் மூன்றனுள் உரிப்பொருளே சிறப்புடையது. கடலும் மணலும் புன்னையும் எத்துணை அழகு வாய்ந்தனவாயினும் நெய்தலின் உரிப்பொருள் இரங்கலே. அகமரபில் அது தலைவனைப் பிரிந்தவளின் இரங்கல். அதனைக் கடலில் மாண்டோர்க்காக அழுவதோடு ஒன்றெனக் கொள்ளல் பொருந்தாது. எனினும் கடற்கரையின் எழிலையும் காத்திருப்பவளின் துயரையும் ஒரே காட்சியில் வைத்து நோக்கும் பயிற்சியைத் தமிழ்ப் புலமைக்கு அளித்தது அம்மரபே. அங்கு எழில் துயரை மறைப்பதில்லை; துயர் எழிலைப் பொய்யாக்குவதும் இல்லை. திருப்பாடல்கள் நூலில் வானத்தின் சான்றைப் பாடும் 19ஆம் பாடலுக்கும் படைப்பின் வளத்தைப் பாடும் 104ஆம் பாடலுக்கும் இடையே புலம்பல்கள் பல விரவி நிற்பதும் இத்தகைய நோக்கே எனலாம்.

காட்சியும் கடமையும்

இரங்கல் செயலற்ற நிலையன்று. ஒக்கி வீசி ஒன்பது திங்கள் நிறைவதற்குள், 2018 ஆகத்துப் பெருவெள்ளத்தில், இக்கரையின் மீனவர் தம் வள்ளங்களைச் சரக்குந்துகளில் ஏற்றிச் சென்று உள்நாட்டு மக்களைக் காத்தனர். கேரளக் கடற்கரை மீனவரால் காக்கப்பட்டோர் பல்லாயிரவர். நீரால் உறவினரை இழந்தோர் நீரிலிருந்து பிறரை மீட்ட அச்செயல், படைத்தவரின் மாட்சிக்குக் கடலினும் தெளிவான சான்றாகும்.

மற்றொரு தெளிவும் வேண்டப்படுகிறது. எல்லா இழப்பையும் இறைவன்மேல் ஏற்றிவிடல் முறையன்று. ஒக்கி குறித்த முன்னறிவிப்பு உரிய காலத்தில் எட்டவில்லை என மீனவர் முறையிட்டனர். 2022 ஆகத்து முதல் டிசம்பர் வரை விழிஞத்தில் நிகழ்ந்த போராட்டத்தில், துறைமுகக் கட்டுமானம் கரையரிப்பை மிகுவிக்கிறது என அவர்கள் வாதிட்டனர். கட்டுமானத் தரப்பு அதனை மறுத்தது. இவ்வழக்கின் முடிவு அறிவியல் ஆய்வுக்குரியது. ஆயினும் கரையைக் கேட்பாரற்ற மணலாகக் கருதாமல், படைத்தவரின் உடைமையாகக் கருதுவோர் அவ்வாய்வைக் கேட்காமல் இருத்தல் இயலாது. திருத்தந்தை பிரான்சிசு 2015இல் வெளியிட்ட சுற்றுமடல் உலகைப் பொது இல்லம் எனச் சுட்டியதும் இக்கருத்து நோக்கியே ஆகும்.

முடிவுரை

படைப்பில் இறைமாட்சியைக் காணுதல் துன்பத்துக்கு விடை கூறும் வாதமன்று. துன்பத்தின் நடுவிலும் கைவிடப்படாத ஓர் உறவு. அவ்வுறவு உண்மையாயின் அது மூன்று கூறுகளை உடையதாகும்: எழிலைப் போற்றல், இழப்புக்கு இரங்கல், எஞ்சியதைக் காத்தல். இவற்றுள் இரங்கலை விலக்கிய போற்றுதல், யோபுவின் நண்பர்கள் செய்த பிழையையே மீண்டும் செய்வதாகும். விழிஞம் கரையில் கதிரவன் மறையும் பொழுதில் கடலின் பொன்னொளியைக் காண்போர், அதே கடலை நோக்கி நிற்கும் கைம்பெண்ணையும் ஒருசேரக் காணுதல் வேண்டும்.