காசு கொடுத்தவனுக்கே பூட்டு

கிண்ணியாவில் ஒரு பெரிய கம்பியூட்டர் கேம் வேண்டுமென்றால் வழக்கமான வழி ஒன்று உண்டு. பொடியன் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவான். கடைக்காரர் பட்டியலைத் திறந்து காட்டுவார். கேமோடு, கொப்பி எடுப்பதைத் தடுக்கக் கம்பனி போட்ட பூட்டை உடைக்கும் 'கிராக்' என்று பெயரிட்ட கோப்புறையும் சேர்ந்து கொப்பியாகும். "அன்டிவைரஸ ஓஃப் பண்ணிட்டு இன்ஸ்டோல் பண்ணுங்க தம்பி, நெட்டையும் கழட்டிடுங்க" என்ற அறிவுரை இலவசம். கொடுக்கும் காசு ஒரு கொத்துரொட்டியின் விலைக்குக் கிட்ட வரும். மூதூரிலும் கொழும்பிலும் நடப்பது இதேதான். கிண்ணியாவை மட்டும் தனியே குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

நேர்வழியில் வாங்கினால்? புதிதாக வரும் பெரிய கேம்களின் சர்வதேச விலை 60 முதல் 70 டொலர். டொலரை 300 ரூபாய் என்று வைத்தாலும் 18,000 ரூபாய்க்குக் குறையாது. தனியார் துறையில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாயாக இருந்தது. காசு இருந்தாலும் இணையத்தில் செலுத்தத்தக்க வங்கி அட்டை எல்லா வீட்டிலும் இல்லை.

"வாங்க முடியாதவன் கொப்பி பண்ணினால் யாருக்கு நட்டம்? அவன் எப்படியும் வாங்கப்போவதில்லையே" என்ற வாதம் இங்கிருந்துதான் பிறக்கிறது. அதில் பாதி உண்மை. வெளிநாட்டுக் கம்பனிகள் ஒவ்வொரு கொப்பியையும் முழு விலை நட்டமாகக் கணக்குக் காட்டுவது கண்கட்டு வித்தைதான். ஆனால் மற்றப் பாதி நிற்காது. பசித்தவன் எடுத்த சோற்றுக்கு மார்க்கத்தில் தனி இடம் உண்டு. கேம் சோறு அல்ல. அது இல்லாமல் யாரும் சாவதில்லை. நிர்ப்பந்தம் என்ற சலுகையைப் பொழுதுபோக்குவரை இழுத்தால், கட்டாரில் உழைத்து ஊருக்கு அனுப்பும் வாப்பாவின் காசில் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிப் பூட்டிய பொடியனும் அதற்குள் வந்துவிடுவான். கார்டுக்குக் காசு இருந்தது, கேமுக்கு மட்டும் இல்லை என்பது எந்த நியாயத்தில் சேரும்?

கையில் பிடிக்க முடியாத ஒன்றுக்குச் சொத்துரிமை உண்டா என்ற கேள்வி ஆலிம்களுக்கும் புதிதல்ல. முன்னையவர்களில் சிலர் அதை விற்கத்தக்க பொருளாகவே ஏற்கவில்லை. ஜித்தாவைத் தளமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1988 டிசம்பரில் குவைத்தில் கூடியபோது, நூலாசிரியரின் உரிமையும் கண்டுபிடிப்பாளரின் உரிமையும் மார்க்கம் காக்கும் உரிமைகளே, அவற்றில் அத்துமீறக் கூடாது என்று தீர்மானித்தது. நாட்டின் சட்டமும் அதே பக்கம் நிற்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், தெரிந்தே உரிமையை மீறுபவருக்கு 5 இலட்சம் ரூபாய் வரை தண்டமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. பூட்டை உடைப்பதற்கென்றே செய்த கருவிகளை விற்கவோ வாடகைக்கு விடவோ தயாரிப்பதும் இறக்குமதி செய்வதும் அதன்படி சட்டவிரோதம்.

உரிமைக்காரர் எப்போதும் அமெரிக்காவின் பணக்காரர்தான் என்றும் இல்லை. 2023 ஜூலையில் வெளிவந்த 'வெண்பா', கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்த் தாயின் அடுப்படியைச் சுற்றிச் சுழலும் கேம். டொரன்டோவிலுள்ள விசை கேம்ஸ் என்ற சின்னக் குழு செய்தது. மறு ஆண்டு பிரித்தானியாவின் பாஃப்டா விருதும் பெற்றது. அப்படிப்பட்ட குழுவுக்கு விற்கும் ஒவ்வொரு பிரதியும் அடுத்த மாதச் சம்பளம்.

ஆகவே கொப்பி எடுப்பது பிழை. அதைக் காசுக்கு விற்பது அதைவிடப் பெரிய பிழை. பொடியனுக்காவது இல்லாமை என்று சொல்ல ஏதோ இருக்கிறது. கடைக்காரர் விற்பது பிறர் உழைப்பை, வாங்கும் காசில் உழைத்தவருக்கு ஒரு சதமும் போவதில்லை. தொழிலே போய்விடும் என்ற பயமும் தேவையில்லை. எபிக் கேம்ஸ் ஸ்டோர் 2018 முதல் அடிக்கடி கேம்களைச் சும்மா கொடுக்கிறது, '0 ஏ.டி.', 'சூப்பர்டக்ஸ்கார்ட்' போன்றவை எப்போதுமே இலவசம். இவற்றைத் தன் இணைப்பில் இறக்கி, வருபவரின் கணக்கில் ஏற்றிக் கொடுத்தால் அதற்குக் கூலி வாங்குவதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது.

இவ்வளவும் சொன்ன பிறகு கம்பனிகளின் பக்கம் திரும்பலாம். அங்கேதான் வழக்கு சிக்கலாகிறது.

பூட்டு யாரைத் தடுத்தது? 2008இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 'ஸ்போர்' கேமை செக்யூரோம் பூட்டோடு விற்றது. வாங்கியவர் மூன்று தடவைதான் அதைக் கணினியில் பதிந்து இயக்கலாம். கேம் கடைக்கு வருமுன்பே உடைந்த பிரதி இணையத்தில் சுற்றியது; அந்த ஆண்டில் அதிகம் களவாக இறக்கப்பட்ட கேமும் அதுவே. 2010இல் யூபிசாஃப்ட் 'அசாசின்ஸ் கிரீட் 2'ஐத் தனியாக விளையாடுபவரும் எந்நேரமும் இணையத்தில் இருக்க வேண்டும் என்றது. மார்ச் மாதம் அதன் சேர்வர் விழுந்தபோது காசு கொடுத்தவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் அது ஒரு நாள் எரிச்சல். 2022இல் 13 மணி நேர மின்வெட்டைக் கண்ட நாட்டில், மின்சாரம் வந்த பிறகும் சிக்னல் வராத வீட்டில், அது அன்றாடம். அங்கே காசு கொடுத்து வாங்கிய கேம் உள்ளே விட மறுக்கும். கடையில் கொப்பி பண்ணியது ஓடும். நேர்மைக்கு இப்படித் தண்டனை போட்டுவிட்டு நேர்மையை எதிர்பார்ப்பது வேடிக்கை.

காலம் போனால் இன்னும் மோசம். 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது, சேஃப்டிஸ்க் பூட்டுப் போட்ட பழைய சீடிகள் ஓடாமல் நின்றன. அந்தப் பூட்டே கணினிக்கு ஆபத்து என்று மைக்ரோசாஃப்ட் அதைத் தூக்கிவிட்டிருந்தது. 2014இல் விற்ற 'தி க்ரூ' கேமின் சேர்வரை யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31ஆம் திகதி நிறுத்தியது. வாங்கிய காசு வாங்கியதுதான், கேம்தான் இல்லை. விற்றது பொருளை அல்ல, அனுமதியை என்பது கம்பனியின் பதில். கடை வாசலில் 'வாங்குக' என்று எழுதிவிட்டு உள்ளே வந்தவனிடம் 'வாடகை' என்பது எந்த ஊர் வியாபாரத்திலும் ஏமாற்றுத்தான்.

பூட்டே கூடாது என்பார் சிலர். போலந்தின் சிடி ப்ராஜெக்ட் அதற்குச் சாட்சி. களவுக் கொப்பிகள் மலிந்த சந்தையில், 1999இல் 'பால்டர்ஸ் கேட்' கேமைப் போலந்து மொழிக் குரல்களோடும் வரைபடத்தோடும் பெட்டியில் வைத்து விற்று வென்றார்கள். பின்னர் 2015இல் 'தி விட்சர் 3'ஐத் தங்கள் கடையில் பூட்டே இல்லாமல் கொடுத்தார்கள். எல்லாக் கடைகளையும் சேர்த்து 5 கோடிப் பிரதிக்கு மேல் விற்றது. ஆனாலும் பூட்டால் பயனே இல்லை என்று சொல்லிவிட முடியாது. டெனுவோ பூட்டுப் போட்ட 86 கேம்களை ஆய்வாளர் வில்லியம் வோல்க்மன் ஆராய்ந்து 2024இல் வெளியிட்ட கட்டுரையின்படி, வெளிவந்த முதல் வாரத்திலேயே பூட்டு உடைந்தால் வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போகிறது. 12 வாரத்துக்குப் பிறகு உடைந்தால் நட்டம் கிட்டத்தட்ட இல்லை.

இந்த வழக்கைத் தீர்ப்பதும் அந்தக் கணக்குத்தான். முதல் மூன்று மாதம் பூட்டுப் போட்டுக்கொள்ளக் கம்பனிக்கு நியாயம் இருக்கிறது. அதற்கு மேல் அது எதையும் காப்பதில்லை. வாங்கியவனை வருத்துவதுதான் மிச்சம். கழற்றுவது முடியாத காரியமும் அல்ல: 2016 மே மாதம் வந்த 'டூம்' கேமிலிருந்து அதே டிசம்பரில் டெனுவோ நீக்கப்பட்டது. கம்பனிகள் கேம் விற்கும் பக்கத்தில் விலைக்குப் பக்கத்திலேயே பூட்டுக் கழற்றும் திகதியையும் போடட்டும். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை போன்ற அமைப்புகள் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.