நிறமும் தரமும்

மூன்றாம் தீர்த்தங்கரராகிய ஸ்ரீ சம்பவநாத சுவாமியின் இலாஞ்சனம் குதிரை என்பதை நாம் அறிவோம். அக்குதிரையின் நிறம் யாது என்று வணங்குவோர் எவரும் கேட்பதில்லை. ஆனால் உலக வழக்கில் குதிரையின் நிறமே அதன் தகுதியை முடிவு செய்யும் இடங்களும் உள்ளன. அது அறத்திற்கு ஒக்குமா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் பொருள்.

வட அமெரிக்காவில் பெயின்ட் குதிரை என்றோர் இனம் உண்டு. கருமை, பழுப்பு முதலிய நிறங்களுக்கிடையே வெண்திட்டுகள் பரந்திருப்பது அதன் அடையாளம். 1962ஆம் ஆண்டில் தோன்றிய ஒரு சங்கம், 1965இல் வேறொரு சங்கத்துடன் இணைந்து அமெரிக்கப் பெயின்ட் குதிரைச் சங்கம் ஆயிற்று. டெக்சஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த் நகரில் இயங்கும் அச்சங்கம், பெற்றோரின் மரபோடு உடலில் குறிப்பிட்ட அளவு வெண்திட்டும் இருக்க வேண்டும் என விதித்தது. தாயும் தந்தையும் பதிவு பெற்றவையாயினும், திட்டின்றி ஒரே நிறமாய்ப் பிறந்த குட்டி முதன்மைப் பதிவேட்டில் இடம்பெறாமல் தனிப் பதிவேட்டுக்குச் சென்றது. அத்தகைய குதிரைகளுக்கெனக் கண்காட்சிகளில் தனிப் போட்டிப் பிரிவுகளும் பின்னர் ஏற்பட்டன.

இதற்கு நேர்மாறான ஒன்றும் ஈண்டு நோக்கத்தக்கது. 1940இல் தோன்றிய அமெரிக்கக் குவார்ட்டர் குதிரைச் சங்கம், வெண்மை மிகுந்த குட்டிகளை நெடுங்காலம் விலக்கி வைத்தது. அவ்விதி 2004இல்தான் நீக்கப்பட்டது. வெண்மை மிகுந்தது என ஒரு சங்கம் விலக்க, வெண்மை இல்லை என மற்றொன்று ஒதுக்கியது. எனில், குறை குதிரையிடம் உள்ளதா, நோக்குவோர் கண்ணில் உள்ளதா? ஒரு கோணத்தை மட்டுமே முழு உண்மையெனக் கொள்வது ஏகாந்தம் என்று நம் அறவோர் உரைத்தது இங்கும் பொருந்துகிறது.

"ஒரு நிறத்தைப் பேணுவதற்கென்றே தோன்றிய சங்கம், அந்நிறம் இல்லாததை எவ்வாறு சமமாக ஏற்கும்?" என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. டோபியானோ எனும் திட்டுவகைக்குரிய மரபணு இல்லாத குதிரை அதனைத் தன் குட்டிக்கு வழங்க இயலாது. ஆகவே நிறத்தைக் குறித்து வைப்பதில் பிழையில்லை. அந்தக் குறிப்பே உயிரின் விலையாகி, திட்டற்ற குட்டி 'வீண் பிறப்பு' என எண்ணப்படும்போதுதான் பிழை தொடங்குகிறது. உடலின் நிறம் நாமகர்மத்தின் விளைவு. அதனைச் சுமக்கும் ஜீவனோ மனமும் ஐந்து இந்திரியங்களும் உடையது. நோவையும் அச்சத்தையும் உணர்வது. உடலழகு பற்றிய செருக்கினை எண்வகை மதங்களுள் ஒன்றாக நம் ஆசாரியர்கள் கூறினர். தன் உடலைப் பற்றிய செருக்கே தீது எனில், பிறிதோர் உயிரின் தோலைக் காட்டி நாம் கொள்ளும் செருக்கு எத்தகையது?

இச்செருக்கு உயிர்க்கொலையில் முடிவதும் உண்டு. ஃபிரேம் ஓவரோ எனும் திட்டுவகைக்குரிய மரபணுவைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெறும் குட்டி, பெரும்பாலும் முழு வெள்ளையாய்ப் பிறக்கிறது. அதன் குடலில் நரம்பணுக்கள் உருவாவதில்லை. ஆதலால் மலம் கழிக்க இயலாமல், வயிற்று வலியால் துடித்துச் சில நாட்களில் மடிகிறது. அம்மரபணுவுடைய இரு குதிரைகளை இணைத்தால், நான்கில் ஒரு பங்கு இவ்வாறு நேரக்கூடும். அதே இணையில் அம்மரபணு சிறிதுமின்றிப் பிறக்கும் குட்டிக்கோ இந்த அபாயம் இல்லை. திட்டில்லை என இகழப்படும் பிறவி, அதனாலேயே உயிர் தப்பிய பிறவியாகவும் இருக்கலாம்!

இந்நோய்க்குரிய மரபணு மாற்றம் 1998இல் கண்டறியப்பட்டது. வெளியே திட்டுத் தெரியாத குதிரையிலும் அது மறைந்திருக்கக்கூடும். எனினும் வேரோடு எடுத்த சில மயிரிழைகளைக் கொண்டே இன்று சோதித்து அறியலாம். பிரமாதத்தினால் உயிருக்கு ஊறு செய்வதே ஹிம்சை என்று தத்துவார்த்த சூத்திரம் இலக்கணம் வகுக்கிறது. அறியாக் காலத்தில் நேர்ந்ததற்கும், அறிந்த பின்னும் சோதியாமல் வண்ணத்தின் ஆசையால் இணைப்பதற்கும் உள்ள வேறுபாடு இதனால் விளங்கும். பின்னது பிரமாதம், ஆதலின் ஹிம்சையே.

தூர தேசத்துக் குதிரைகளின் செய்தி நமக்கெதற்கு என்று எண்ண வேண்டா. பிறந்த குழந்தையைக் கண்டதும் 'நிறம் எப்படி?' என்று வினவுவோர் நம் இல்லங்களிலும் உளர். பெண் பார்க்கச் சென்று நிறத்தைச் சொல்லித் திரும்புவோரும் உளர். அவர்களும் மனத்துள் ஒரு தனிப் பதிவேட்டை வைத்திருப்பவர்களே.

கருமை முதல் சுக்கிலம் வரை ஆறு லேசியைகளை நம் ஆகமம் கூறுகிறது. அவற்றுள் நாம் திருத்திக்கொள்ள வேண்டியது உடலின் நிறமன்று. பாவலேசியை எனப்படும் உள்ளத்தின் நிறமே. திட்டில்லாத ஒரு குட்டியைக் காணும்போது நம் உள்ளத்தில் எழுவது ஏமாற்றமா, கருணையா என்று நோக்குவோமாக. அந்நிறத்தை மாற்றும் ஆற்றல் நம்மிடமே உள்ளது.

அறம் வளர்க!