ஏவலின் எல்லை

ஏஐ ஏஜென்ட் என்பது கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதோடு நின்றுவிடாத மென்பொருள். அது கோப்பைத் திறக்கும், மின்னஞ்சல் அனுப்பும், பயணச்சீட்டு எடுக்கும், நிரலை எழுதி இயக்கும். ஒரு படி முடிந்ததும் அடுத்த படியைத் தானே தீர்மானிக்கும். அதனிடம் வேலையைச் சுருக்கி, எல்லை கட்டிக் கொடுக்க வேண்டும் என்பது பொறியாளர்களின் அறிவுரை. அதன் அடியில் ஒரு பழைய அறவியல் கேள்வி இருக்கிறது: பிறர் பொருட்டுச் செயல்படுபவர் எதுவரை போகலாம்? நல்ல நோக்கமும் திறமையும் இருந்தால் சொன்னதற்கு மேலும் செய்யலாமா?

இந்திய அரசியல் நூல்கள் இக்கேள்வியைத் தூதரை வைத்து ஆராய்ந்தன. கௌடலியரின் அர்த்தசாஸ்திரம் தூதரை மூன்றாகப் பிரிக்கிறது: காரியம் முழுவதையும் தம் பொறுப்பில் நடத்துபவர், வரையறுத்த காரியத்தை மட்டும் நடத்துபவர், ஓலையைக் கொண்டுசேர்ப்பவர். முதலாமவருக்கு அமைச்சருக்குரிய தகுதி முழுவதும் வேண்டும். இரண்டாமவருக்கு அதில் கால் பங்கு குறையலாம். மூன்றாமவருக்குப் பாதி போதும். திருக்குறளின் 69ஆம் அதிகாரமான ‘தூது’க்கு உரை எழுதிய பரிமேலழகரும், தாமே வகுத்துக் கூறுபவர், சொல்லி அனுப்பியதைக் கூறுபவர் என்று தூதரைப் பிரித்துக் காட்டுகிறார். இந்தப் பகுப்பில் எல்லை ஓர் இழிவு அல்ல. தகுதியை அறிந்த அளவுக்கே அதிகாரம் என்பதுதான் கணக்கு.

இதற்கு மறுதரப்பு வான்மீகி ராமாயணத்தின் சுந்தர காண்டத்தில் இருக்கிறது. சீதை இருக்குமிடத்தைக் கண்டறிவதே அனுமனுக்கு இட்ட பணி. அதை முடித்த பிறகு, முதற்காரியத்துக்குக் கேடு வராமல் மேலும் பல காரியங்களைச் சாதிப்பவனே சிறந்த தூதன் என்று அனுமன் எண்ணி, பகைவரின் பலத்தை அறிவதற்காக அசோகவனத்தை அழிக்கிறான். பிடிபட்டு, வாலில் தீ வைக்கப்பட்டு, இலங்கையை எரித்த பின்புதான் சீதையும் அத்தீயில் மாண்டிருப்பாளோ என்ற அச்சம் எழுகிறது. கோபத்தில் அறிவிழந்தேனே என்று தன்னையே நொந்துகொள்கிறான். சீதை பிழைத்திருக்கிறாள் என்ற செய்தி பிறகுதான் காதில் விழுகிறது. மேல்வேலைக்கு அனுமன் வகுத்த விதி சரியானதே. ஆனால் முதற்காரியத்துக்குக் கேடு வருமா என்பது செயலுக்கு முன் முழுவதும் தெரிவதில்லை. அந்த விதியின் பலவீனம் அங்கே இருக்கிறது.

ஆட்சியையே ஏவலாகக் கருதிய நிகழ்வு திருவிதாங்கூரில் நடந்தது. 1750 ஜனவரியில் மன்னர் மார்த்தாண்டவர்மா தம் நாட்டைப் பத்மநாப சுவாமிக்கு எழுதிவைத்து, தாம் பத்மநாபதாசராக இருந்து ஆள்வதாக அறிவித்தார். திருப்படித்தானம் எனப்படும் இச்செயலுக்கு அரசியல் பயனும் இருந்தது: அரசை எதிர்ப்பது தெய்வத்தை எதிர்ப்பதாக ஆயிற்று. கோட்பாட்டளவில் அது மன்னரையும் கட்டியது. நாடு அவர் உடைமை இல்லை. அவர் அதை நடத்துபவர் மட்டுமே.

பின்னாளில் நீதிமன்றங்கள் இதே கருத்தைச் சட்டமாக்கின. மைனரின் சொத்தை நிர்வகிப்பவர் தேவை அல்லது சொத்தின் நன்மை கருதி மட்டுமே அதை அடகு வைக்கலாம் என்று 1856இல் லண்டன் பிரிவி கவுன்சில் கூறியது. 1875இல் கோயில் சொத்தை நிர்வகிப்பவருக்கும் அதைப் பொருத்தியது. தெய்வம் வாய்திறந்து தடுக்காது என்பதால்தான் அதன் பெயரில் செயல்படுபவருக்கு வெளியிலிருந்து வரம்பு தேவைப்பட்டது. பத்மநாப சுவாமி கோயிலின் நிர்வாகத்தில் அரச குடும்பத்துக்கு உள்ள உரிமையை 2020 ஜூலை 13இல் உச்ச நீதிமன்றம் ஏற்றபோதும், ஏற்றது உடைமையை அல்ல, பராமரிக்கும் உரிமையைத்தான்.

ஒப்படைப்பைக் கண்ணால் காண வேண்டுமானால் காரோடும் பாறசாலையும் அடங்கிய நெய்யாற்றின்கரை வட்டத்துக்கு நவராத்திரிக்கு முன் செல்ல வேண்டும். பத்மநாபபுரத்துத் தேவாரக்கெட்டு சரஸ்வதி, வேளிமலை குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய மூவரும் இவ்வழியே திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுகிறார்கள். பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பிரிகை மாளிகையில் மன்னரின் உடைவாள் கைமாறுகிறது. அதை ஏந்தியவர் முன்னே நடக்க ஊர்வலம் கிளம்புகிறது. 1956 நவம்பர் 1இல் விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதனால் எல்லையிலுள்ள களியக்காவிளையில் ஊர்வலத்தின் பொறுப்பு ஒரு மாநிலத்திடமிருந்து இன்னொன்றின் கைக்குப் போகிறது. எந்தத் திருமேனி, எந்த வழி, எங்கே தங்கல், எந்த நாளில் திரும்புதல் எல்லாம் முன்பே தீர்ந்தவை. விஜயதசமி கழிந்ததும் மூவரும் வந்த வழியே திரும்ப வேண்டும். சுமப்பவரின் பக்தி எவ்வளவு பெரிதானாலும் இவற்றில் ஒன்றையும் மாற்றும் அதிகாரம் அவருக்குக் கிடையாது.

ஏஜென்டுக்கு வேலை கொடுப்பதிலும் இதே நான்கு கேள்விகள்தான்: எந்தக் காரியம், எந்தக் கருவிகளால், எதுவரை, எந்த இடத்தில் நின்று கேட்க வேண்டும். ஒவ்வொரு நிரலுக்கும் அதன் வேலைக்குத் தேவையான குறைந்தபட்ச அனுமதியே தர வேண்டும் என்று ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975இல் எழுதினர். ஏஜென்ட் வந்த பிறகு அந்த விதியின் கனம் கூடியிருக்கிறது. வந்த அஞ்சல்களைச் சுருக்கிச் சொல் என்றால், ஓர் அஞ்சலுக்குள் அந்நியர் எழுதிவைத்த கட்டளையை உரிமையாளரின் கட்டளையாக அது எடுத்துக்கொள்ளக்கூடும். அஞ்சலைப் படிக்க மட்டுமே அனுமதி இருந்தால் சேதம் சிறிது. அனுப்பவும் அழிக்கவும் அனுமதி இருந்தால் பெரிது.

எல்லை மிகக் குறுகினால் ஏவலாளால் பயனில்லை என்பதும் நியாயமே. ஒவ்வொரு படிக்கும் அனுமதி கேட்கும் ஏஜென்டை விட வேலையைத் தானே செய்துவிடலாம். கௌடலியர் முழு அதிகாரத் தூதரையும் வைத்திருந்தது இதனால்தான். ஆனால் அந்த அதிகாரம் தகுதியைப் பின்தொடர்ந்தது, முந்திப் போகவில்லை. திரும்பப் பெறக்கூடிய செயல்களில் ஏஜென்டுக்குத் தாராளம் காட்டலாம். பணம் அனுப்புதல், அழித்தல், பிறர் பெயரில் வாக்குறுதி தருதல் போன்ற மீட்க முடியாதவற்றுக்கு முன் அது நின்று கேட்க வேண்டும். செய்து காட்டிய வேலையைப் பார்த்து அனுமதியை விரிக்கலாம்.

அனுமனுக்கும் இயந்திரத்துக்கும் உள்ள வேறுபாடும் இங்கே முக்கியம். தவறு நேர்ந்ததோ என்று அஞ்சி வருந்தியவன் அனுமனே. பழியைத் தன்மீது ஏற்கும் உள்ளம் அவனுக்கு இருந்தது. ஏஜென்ட் செய்ததற்கு அதை ஏவியவரே பதில் சொல்ல வேண்டும். ஆகவே வேலையின் எல்லையை வகுப்பது அவருடைய கடமை. அதை ஏஜென்டின் ஊகத்துக்கு விடுவது கடமையைக் கைவிடுவதாகும்.